படியேறும் முன் ஏழு கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையில் பச்சை ஆடையும் காவி ஆடையும் தென்படத் தொடங்கும். தை பிறந்தபின் சொல்லவே வேண்டியதில்லை. செட்டிநாட்டிலிருந்து வரும் நகரத்தார் காவடிகள், மதுரைப் பக்கத்துக் குழுக்கள், கொங்கு நாட்டுக் குடும்பங்கள், பூசம் கழிந்தபின் வந்து மலைமேலேயே பஞ்சாமிர்தம் தயாரித்துப் படைக்கும் எடப்பாடி அன்பர்கள் எனத் தண்டாயுதபாணியை நோக்கி நடக்கும் கால்களுக்குக் கணக்கில்லை.

இவர்களுள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவர்களுக்கு நடையின் இலக்கணம் தெரியும். எந்த நேரத்தில் புறப்படுவது, எங்கே தங்குவது, எப்போது நீர் அருந்துவது என்பதையெல்லாம் பெரியவர்களிடமிருந்து கற்றவர்கள் அவர்கள். கவலைக்குரியவர்கள் வேறு சிலர். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றி ஐம்பதை எட்டியவர், மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததற்காக நேர்ந்துகொண்டு, முன்பின் பழக்கமின்றி ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடக்கிறார். அடுத்த இரண்டு நாட்களும் நடக்கிறார். அடிவாரத்தை அடைந்ததும், களைப்போடு களைப்பாக 693 படிகளையும் ஏறத் துணிகிறார். மாடிப்படி ஏறும்போது அண்மைக்காலமாக நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றி மறைவதை வீட்டில் அவர் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டார்கள் என்ற அச்சம். ‘முருகன் பார்த்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், பழனி மருத்துவத்தையும் வழிபாட்டையும் வேறுவேறாகக் கருதிய தலமன்று என்பதை நினைவுகூர வேண்டும். மூலவர் திருமேனியைச் சித்தரான போகர் நவபாஷாணத்தால் அமைத்தார் என்பது மரபு. அத்திருமேனியில் சாத்திய சந்தனத்தை இன்றும் அன்பர்கள் பிரசாதமாகவும் மருந்தாகவும் பெற்றுக்கொள்கிறார்கள். மலைமேல் போகருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. நாடி பார்க்காமல் மருந்து தராத சித்தர் மரபின் மலையில், உடம்பைப் பார்க்காமல் ஏறுவது பக்தியின் அடையாளம் ஆகாது.

693 படிகளின் கணக்கு

படியேறுவது இதயத்துக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதைப் பலரும் அறிவதில்லை. சமதரையில் நடக்கையில் உடலை முன்னே நகர்த்தினால் போதும். படியிலோ, ஒவ்வோர் அடியிலும் முழு உடல் எடையையும் மேலே தூக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் பழனி மலையில் 693 முறை 70 கிலோவைத் தூக்குகிறார். தோளில் காவடியோ இடுப்பில் குழந்தையோ இருந்தால் அந்த எடையும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்பெயின் நாட்டின் லா கொருன்யா நகர மருத்துவமனையில், இதய நோய் இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்தவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2020-ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்கு மாடிகளை, அதாவது 60 படிகளை, நிற்காமல் ஏறச் சொன்னார்கள், ஓடக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் ஏறிமுடித்தவர்களின் இதயத் திறன் நன்றாக இருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனவர்களுக்குத் திறன் குறைவு என்று டிரெட்மில் சோதனையும் காட்டியது. பழனியின் படிகள் அந்த அறுபதைப் போல் பதினொன்றரை மடங்கு. வேகமாக ஏற வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை; பழனியில் நிறுத்தக் கடிகாரத்துக்கு வேலையுமில்லை. எனினும் வீட்டின் இரண்டு மாடியை ஏறவே மூச்சு வாங்குபவர், இந்தக் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

பழக்கமில்லாத உடலுக்குத் திடீர் உழைப்பு எத்தகையது என்பதை அமெரிக்காவில் 1993-இல் வெளியான மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மாரடைப்பு வந்தவர்களிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டறிந்தார்கள். வாரத்தில் ஐந்து நாட்களுக்குக் குறையாமல் உடலை வருத்தி உழைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு, கடும் உழைப்பின்போதும் அதையடுத்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைவிட 2.4 மடங்கு. அப்படிப்பட்ட பழக்கம் அறவே இல்லாதவர்களுக்கு 107 மடங்கு. ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது. அதை 107-ஆல் பெருக்கினாலும் பெரிய எண் வந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் இலட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் நடந்து ஏறும் இடத்தில், அந்தச் சிறிய எண் சில குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கும். பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் உள்ள இடைவெளியே இங்கு கவனிக்க வேண்டியது.

வயதைச் சொல்லி ஆறுதலடையவும் இடமில்லை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதில். பேரன் பேத்திகளைப் பார்த்தபின் கவலைப்படலாம் என்று ஒத்திவைக்கும் காரியம் அன்று இது.

கேட்டுக்கொள்ள வேண்டியவை

உடற்பயிற்சி தொடங்கும் முன் ஒருவர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ள, கனடா நாட்டில் 1970-களில் ஒரு வினாப்படிவம் உருவாக்கப்பட்டது. ‘பார்-கியூ’ என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்குவது அதுதான். கேள்விகள் ஏழே ஏழு. படிக்காதவரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பதில் சொல்லக்கூடியவை. அவற்றைப் பாதயாத்திரைக்குப் பொருத்திக் கேட்டுப் பார்க்கலாம்.

இதய நோய் உண்டு என்று மருத்துவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் வலி, இறுக்கம், எரிச்சல் தோன்றுகிறதா? கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போதும் அப்படித் தோன்றியதா? தலைசுற்றித் தடுமாறியதோ, நினைவிழந்து விழுந்ததோ உண்டா? முழங்காலிலோ இடுப்பிலோ, நடையால் மோசமாகக்கூடிய கோளாறு இருக்கிறதா? ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? இவை தவிர, நடப்பதற்குத் தடையாக உங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு ஏதேனும் உண்டா?

ஏழாவது கேள்விதான் மிக நுட்பமானது. முதல் ஆறில் ஒளித்தது ஏழாவதில் வெளிவந்துவிடும். கேட்பவர் மனைவியாகவோ மகனாகவோ இருந்தால் பதில் வேறாகவும், தனியே அமர்ந்து கேட்டுக்கொண்டால் வேறாகவும் இருக்கக்கூடும். சன்னதியில் பொய் சொல்லாதவர்கள் இந்தப் படிவத்திலும் பொய் சொல்லாதிருக்க வேண்டும்.

ஏழுக்கும் ‘இல்லை’ என்பவர் மெல்ல நடைப்பயிற்சியைத் தொடங்கலாம். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் யாத்திரையைக் கைவிட வேண்டும் என்று பொருளில்லை. மருத்துவரைப் பார்த்தபின் மாலை அணிய வேண்டும் என்றே பொருள். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் மருத்துவரிடம் போகாததற்குக் காரணமே, அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். பெரும்பாலும் அவர் சொல்வது ‘இப்போது வேண்டாம்; மருந்தை ஒழுங்குபடுத்தியபின் போகலாம்’ என்பதாகவே இருக்கும்.

அதற்காக எல்லோரும் ஆயிரக்கணக்கில் செலவிட்டு எக்கோ, டிரெட்மில் என்று அலைய வேண்டியதும் இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 2015-இல் தன் நெறிமுறையை மாற்றியமைத்தது. தேவையற்ற சோதனைகளே பலரை நடக்கவிடாமல் தடுத்துவிடுகின்றன என்று உணர்ந்ததே அதற்குக் காரணம். புதிய நெறிமுறை மூன்று செய்திகளைத்தான் பார்க்கிறது: இப்போது ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறாரா, இதயம், சர்க்கரை, சிறுநீரகம் தொடர்பான நோயோ அறிகுறியோ இருக்கிறதா, எவ்வளவு கடுமையான உழைப்பில் இறங்கப் போகிறார். அறிகுறி எதுவும் இல்லாமல் நிதானமாக நடக்கத் தொடங்குபவருக்குப் பெரிய சோதனைகள் அவசியமில்லை. அறிகுறி உள்ளவரோ, பழகியவராயினும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபுறமும் உண்டு. ‘இ.சி.ஜி. எடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்கள்’ என்று நெஞ்சுவலியோடு மலையேறுபவர்கள் இருக்கிறார்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி., படுத்திருக்கும் இதயத்தைத்தான் காட்டும். உழைக்கும்போது மட்டும் வெளிப்படும் அடைப்பு அதில் தெரியாமலே போகலாம்.

பாதமும் விரதமும்

இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோயும், 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. பாதயாத்திரைக் குழு ஒவ்வொன்றிலும் இவ்விரு நோயாளரும் இருப்பார்கள் என்றே கொள்ள வேண்டும். தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் இருப்பார்கள்.

சர்க்கரை நோயாளருக்கு இந்த யாத்திரையில் மூன்று சிக்கல்கள். முதலாவது, வெறுங்கால். நாள்பட்ட சர்க்கரையால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. முள் குத்தியது தெரியாது. கொப்புளம் உடைந்தது தெரியாது. ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்துக் காலுறையில் ஈரம் கண்டபின் தெரியவரும் புண், விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுவிடக்கூடும். சென்னை ராயபுரத்தில் 1954-இல் தொடங்கப்பட்ட சர்க்கரை நோய் மருத்துவமனை உள்ளிட்ட பல இடங்களில், இத்தகைய பாதங்களைக் காப்பதற்கென்றே தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. சோதனையும் எளிதானது. மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் சில இடங்களைத் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும் இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடப்பது தகாது. செருப்பணிந்து சாலையில் நடந்து, கோயில் எல்லையில் கழற்றுவதால் நேர்த்திக்கடன் குறைந்துவிடாது.

இரண்டாவது, விரதம். ஒருவேளை உணவோடு இருப்பவர், சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் நடந்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். களைப்பு என்று எண்ணி உடன் வருபவர்கள் படுக்க வைத்துவிடுவார்கள். வேண்டியதோ உடனடியாக ஒரு வாய்ச் சர்க்கரை. இதற்கு அஞ்சி மாத்திரையை மொத்தமாக நிறுத்துவது அதனினும் பிழை. ரத்த அழுத்த மாத்திரையை ‘விரத நாளில் மருந்தெதற்கு’ என்று நிறுத்துவோரும் உளர். விரதத்தின்போது எந்த மருந்தை எந்த நேரத்தில், எந்த அளவில் என்பதை, மாலை அணியுமுன் மருத்துவரே எழுதித் தர வேண்டும். மருந்துண்பது விரதபங்கம் ஆகாது.

மூன்றாவது சிக்கல் யாவற்றினும் கொடியது. சர்க்கரை நோயாளருக்கு மாரடைப்பு வலியின்றியும் வரலாம். காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், இதுவரை இல்லாத அசதி மட்டுமே தோன்றக்கூடும். பெண்களுக்கும் தாடையிலோ முதுகிலோ வலி, வயிற்றுப் பிரட்டல் என்று வேறு உருவில் வருவதுண்டு. ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமநீர் கொடுத்து உட்கார வைக்கும் நேரம், இழக்கக்கூடாத நேரம்.

பிற மலைகளில்

மலைத்தலங்களுக்கு உடற்தகுதி பார்ப்பது புதுமையன்று. கடல்மட்டத்திலிருந்து 3,888 மீட்டர் உயரத்திலுள்ள அமர்நாத் குகைக்குச் செல்ல மருத்துவச் சான்று கட்டாயம். யாத்திரையில் நேர்ந்த உயிரிழப்புகளை 2012-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்ததை அடுத்தே இந்த ஒழுங்கு இறுகியது. 13 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கும், ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கருவுற்ற தாய்மாருக்கும் அங்கே அனுமதியில்லை. சபரிமலைக்குச் செல்வோர் புறப்படும் நாட்களுக்கு முன்பிருந்தே நடந்து பழக வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பம்பையிலிருந்து ஏறும் வழியில் அவசர சிகிச்சை மையங்களையும் நடத்துகிறது. நம் கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரியில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறிய பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுக் கோளாறு, சர்க்கரை நோய், உடற்பருமன் உள்ளோர் ஏறுவதைத் தவிர்க்குமாறு வனத்துறை அறிவுறுத்தியது.

பழனிக்குச் சான்றிதழ் எதுவும் கேட்கப்படுவதில்லை, கேட்கவும் வேண்டாம். குழந்தையும் கிழவரும் நினைத்த நாளில் வந்து காணக்கூடிய தெய்வம் அவன். கேட்பவர் இல்லாததால், கேட்டுக்கொள்ளும் பொறுப்பு வீட்டாருடையதாகிறது.

அதற்கான வசதி அருகிலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அழுத்தம் 180/110 என்ற அளவை எட்டியிருந்தால், நடைக்கு முன் சிகிச்சையே முதல் வேலை. மாரடைப்பு என ஐயுறும்போது உடனே தர வேண்டிய மாத்திரைகளை 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். குழுவை அழைத்துச் செல்லும் குருசாமிகள், வழியில் உள்ள இந்நிலையங்கள் எங்கெங்கே என்பதைத் தண்ணீர்ப் பந்தல்களைப் போலவே அறிந்து வைத்திருப்பது நலம்.

மாலை அணிந்த நாட்கள்

விரத காலம் உடலைப் பழக்குவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. 48 நாள் மாலை அணிபவர்கள் உண்டு. 41 நாளும் 21 நாளும் உண்டு. விடியற்காலைக் குளியலும் வழிபாடும் முடிந்ததும் இருபது நிமிடம் நடப்பதில் தொடங்கலாம். வாரந்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, யாத்திரைக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாளேனும் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். கோயில் குளத்தின் படிகளோ, ஊர்க் குன்றின் படிகளோ இருந்தால் ஏறி இறங்கிப் பழகலாம். ஏறுவதற்கு இதயம் வேண்டும். இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். பலரும் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

வேகம் மிகுந்ததா என்றறிய மருத்துவர்கள் ஓர் எளிய வழி சொல்வார்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியாது என்ற அளவே மிதமான உழைப்பு. பாட முடிந்தால் நடை இலேசானது. பேச்சே தடைப்பட்டால் கடுமையானது. முருகனடியார்களுக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, கழுகுமலைக்குக் காவடியெடுத்து நடந்த ஊற்றுமலை ஜமீன்தாருக்காகப் பிறந்தது என்பர். வழிநடையில் பாட்டு நின்று போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘அரோகரா’ என்று ஒரே மூச்சில் குரல் கொடுக்க முடியாதபோது உட்கார்ந்துவிட வேண்டும்.

அடிவாரத்தை அடைந்த அன்றே ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருஆவினன்குடியில் வழிபட்டு, ஓரிரவு இளைப்பாறி, வெயிலுக்கு முன் ஏறலாம். படிகள் இயலாதவர்க்குச் சரிவாகச் செல்லும் யானைப்பாதை. அதுவும் இயலாதவர்க்கு 1966 முதல் ஓடும் வின்ச். 2004 முதல் ரோப் கார். பராமரிப்புக்காகவும் பலத்த காற்றின்போதும் ரோப் கார் நிறுத்தப்படுவதுண்டு. விசாரித்துவிட்டுச் செல்ல வேண்டும். வின்ச்சில் போனால் வேண்டுதல் நிறைவேறாது என்று மனம் குமைபவர்கள், இடும்பனை நினைக்கலாம். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைத் தோளில் சுமந்து வந்தவனே களைத்து, சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிய இடம் இது. அவனைத் தொழுதுதான் மலையேறுகிறோம்.

ஏறி முடித்த உடனே தரிசன வரிசையில் அசையாமல் நிற்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. உழைத்த கால்களில் ரத்தம் தேங்கி, அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். மேலே வந்ததும் சில நிமிடம் மெல்ல உலவி, நீர் அருந்தி, பிறகு வரிசையில் சேர்வது நலம். நின்றுகொண்டிருக்கும்போதும் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருக்கலாம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு

தரிசனம் முடித்த குடும்பங்கள் பல, மறுநாளே மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் பயணம் செய்து கொடைக்கானல் சேர்கின்றன. இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி ராமநாதன் அம்மையார் 1936-இல் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலும், பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கே அழைக்கின்றன. சில மணி நேரத்தில் உடல் ஏறத்தாழ 1,800 மீட்டர் மேலே போய்விடுகிறது. கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நலமுள்ளவருக்கு அது தீங்கு செய்யாது. நாடி சற்று விரையும், ஏற்றத்தில் மூச்சு சிறிது வாங்கும், அவ்வளவே. இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர், மூன்று நாள் நடையின் களைப்பும் தீராத நிலையில், மறுநாள் விடியற்குளிரில் ஐந்து கிலோமீட்டர் ஏரியைச் சுற்றி விரைந்து நடக்க முற்படுவதுதான் வேண்டாத துணிவு. சமவெளியில் ‘போகலாம்’ என்று மருத்துவர் தந்த அனுமதி, மலையுச்சிக்கும் சேர்த்துத் தந்ததா என்று கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஓய்வாகக் கழித்து, வெயில் ஏறியபின் குறிஞ்சி ஆண்டவர் சன்னதிக்குச் சென்றால் போதும். மேகம் விலகிய வேளையில் அங்கிருந்து வடக்கே பார்த்தால், பழனி மலை சிறு குன்றாகக் கீழே தெரியும்.